இல்லை என்பதற்கு எத்தனை இங்கிலீசு

போன கிழமை என் அண்ணன் மகள் அபிநயா, ரியூசனில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். காசைப் பற்றி இங்கிலீசுக்காரர் பேச்சுவாக்கில் சொல்லும் வசனங்கள் ஒரு பக்கம். எதிரே தமிழில் விளக்கம் எழுத வெறும் கோடுகள். "மாமிக்குத்தானே லண்டன் இங்கிலீசு தெரியும்" என்றாள். நான் லண்டனைக் கண்டதில்லை. மேற்கே நான் போன ஆகக் கடைசி இடம் தலைமன்னார்ப் பாலத்தடி. ஆனால் ஒரு காலத்தில் மன்னார் ரவுணில், காசு கட்டி ரெலிபோன் கதைக்கும் கொமினிகேசன் கடையில் வேலை செய்தவள் என்ற படியால், எங்கள் குடும்பத்தில் இங்கிலீசு வழக்கு எல்லாவற்றுக்கும் நான்தான் நீதவான். ஓ.எல். சோதனையில் அதே பாடத்தில் நான் கோட்டை விட்டதை அண்ணன் இன்னும் பிள்ளைக்குச் சொல்லவில்லை. நல்ல மனுசன்.

தாளை வாசித்தேன். விலை கூடிய சாமானை வாங்கினால் 'ஒரு கையும் ஒரு காலும் போச்சு' என்பார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் மாவட்டத்தில் கையும் காலும் எதற்குப் போனது என்று உலகத்துக்கே தெரியும். அதை யாரும் சாமான் விலைக்கு உவமை சொல்லிச் சிரிக்க மாட்டோம். 'ஆனை விலை குதிரை விலை' என்று எழுதிவிடு பிள்ளை, அதுதான் மரியாதை என்றேன். காசு மரத்திலே காய்க்காது என்று அடுத்தது. அதை எங்கள் அப்பாவிடமிருந்துதான் களவெடுத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே கீழே வந்தபோது 'மணி இஸ் டைற்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அபிநயா பேனையை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி இருந்தாள்.

டைற். அந்தச் சொல்லை நான் கேட்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓடிக்கொலோன் மணக்கும் ஒரு ரெலிபோன் றிசீவருக்குப் பக்கத்தில் கேட்டேன்.

ஓடிக்கொலோன் ஏன் என்று கேட்பீர்கள். கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. மீன் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவர், வயலிலிருந்து வருகிறவர், வெற்றிலை வாய்க்காரர் என்று எல்லா வாயும் ஒரே றிசீவரில்தான். ஒவ்வொருவரும் போன பிறகு ஒரு துணியில் ஓடிக்கொலோன் தெளித்துத் துடைப்பது என் முதல் வேலை. முதலாளி கரீம் நானாவின் கட்டளை அது. அவர் சவுதியில் ஓட்டுநராக இருந்து திரும்பி வந்து கடை போட்டவர். இன்றைக்கும் செத்த வீடுகளில் ஓடிக்கொலோன் மணந்தால் எனக்கு அழுகைக்கு முன் மீற்றரின் டிக் டிக் சத்தம்தான் கேட்கும்.

மீற்றர் என்பது கபினுக்குள் போனுக்கு மேலே இருந்த ஒரு கறுத்தப் பெட்டி. சிவப்பு இலக்கங்கள். லண்டனுக்கோ சுவிசுக்கோ போன் எடுத்து, அங்கே ஒருவர் 'ஹலோ' என்றதும் ரூபாய் ஓடத் தொடங்கிவிடும். சனம் போனைப் பார்த்துக் கதைத்ததில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் கதைத்தது. பாதி வசனத்தில் வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். கபின் வெறும் பிளைவூட். உள்ளே முனகினாலும் வெளியே என் மேசைக்குக் கேட்கும். கேட்கக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். காது என்ன நான் சொன்னால் கேட்கிற சாமானா?

சண்டையை நிறுத்தி வைத்த சமாதான காலம் அது. பாதை திறந்து, கரையோரக் கிராமங்களிலிருந்தும் பெருநிலப்பரப்பிலிருந்தும் சனம் ஆமிச் சென்றி தாண்டி ரவுணுக்கு வந்துபோன நாட்கள். வந்தவர்களில் அரைவாசிப் பேர் எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். ஊர்ப்பட்ட சனம் அந்தக் கபினுக்குள் காசைப் பற்றித்தான் கதைத்தது, ஆனால் 'காசு' என்ற சொல்லை வாயில் எடுத்தவர் குறைவு. எங்கள் பக்கத்தில் காசு கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் விதி, கேட்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கிறவன் தானாகத்தான் கேட்க வேண்டும், "ஏதும் தேவையோ?" என்று. உடனே ஓம் என்று விழுந்துவிடக் கூடாது. "சீச்சீ, இங்க ஒரு குறையும் இல்லை" என்று சொல்ல வேண்டும். அவன் திரும்பவும் கேட்க வேண்டும். இவர் திரும்பவும் மறுக்க வேண்டும். அவன் கோபிப்பது மாதிரி மூன்றாம் தரம் கேட்கும்போது, "சரி, உன்ரை விருப்பம்" என்று இழுத்து விட வேண்டும். கேட்டு வாங்கினால் பிச்சை, வற்புறுத்தித் தந்தால் உரித்து. சாப்பாட்டு மேசையில் இன்னும் கொஞ்சம் சோறு போடுவதற்கும் இதே முறைதான். அங்கே மீற்றர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வேறு ஒரு வித்தை. அவர்கள் காசைப் பற்றிக் கதைக்கும்போது திடீரென்று இங்கிலீசுக்குப் பாய்ந்துவிடுவார்கள். பத்துப் பவுண் தாளுக்கு 'ரெனர்', ஆயிரத்துக்கு 'கிறாண்ட்', பவுணுக்கே 'குயிட்'. கபினுக்கு வெளியே வந்து சனம் என்னிடம் அர்த்தம் கேட்கும். எனக்கு என்ன தெரியும்! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் எனக்கு இல்லை. முகத்தை நீதவான் மாதிரி வைத்துக்கொண்டு, கரீம் நானா தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவரிடம் மெல்லக் கேட்டு வந்து சொல்லுவேன்.

'டைற்' என்ற சொல்லை என்னிடம் கொண்டுவந்தவ பரமேசக்கா. சென்றிக்கு அங்கால், பாப்பாமோட்டைப் பக்கம். வயல்காரர். அவவுக்குக் காசு என்றால் நெல் மூடைதான். எந்த விலையைச் சொன்னாலும் விரல் மடித்து மூடையாக மாற்றிப் பார்த்த பிறகுதான் முகத்தில் அதிர்ச்சியோ ஆறுதலோ வரும். எங்கள் கடையில் லண்டன் போனுக்கு ஒரு நிமிடம் எவ்வளவு என்று சொன்னபோது, "மூண்டு நிமிசம் கதைச்சால் ஒரு மூடையில அரைவாசி போச்சு" என்று நெஞ்சில் கை வைத்தா. லண்டனில் தம்பி நேசன் இருந்தான். பெற்றோல் செற்றில் மனேச்சர் என்று ஊரில் பேச்சு. இரவு வேலை முடித்து அவன் வீட்டுக்கு வரும் நேரம் எங்களுக்கு மத்தியானம் திரும்புகிற நேரம்.

அக்காவின் ஒரே மகள் துளசிக்கு இருதயத்தில் ஓட்டை. பள்ளிக்கூடத்துப் படி ஏறினாலே உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அந்த வரிசைக்குப் பிள்ளை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் காசு கட்டி ஒப்பரேசன் செய்கிற இடத்தில் திகதி கொடுத்திருந்தார்கள். திகதிக்கு முன் முற்பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். கட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று தம்பி. மற்றது குளத்துக்குக் கீழே கிடந்த வயல். அதை வாங்க ரவுண் ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது போனால் அக்காவும் புருசனும் மற்றவன் வயலில் கூலிக்கு நாற்று நட வேண்டும். அதனால் அக்கா முதலில் தம்பியைத்தான் நம்பி வந்தா.

முதல் நாள் கபினுக்குள் போனா. சுகம் விசாரித்தா. மழை பெய்ததைச் சொன்னா. சித்தப்பாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னா. மாடு கன்று போட்டதைச் சொன்னா. நான் வெளியே இருந்து மீற்றரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன். கன்றா இப்போது முக்கியம்? கடைசியில் நேசன் கேட்டான் போலிருக்கிறது, ஏதும் தேவையோ என்று. அக்கா முறை தவறாமல், "சீச்சீ, இங்க ஒரு குறையும் இல்லை" என்றா. பிறகு காத்திருந்தா. அவன் திரும்பவும் கேட்க வேண்டிய இடம் அது.

அவன் கேட்கவில்லை. சரி அக்கா, அப்ப வைக்கட்டோ என்றிருக்கிறான்.

அக்கா வெளியே வந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. படியில் கால் வைக்கும்போது படி இல்லாமல் போனவவின் முகம். மடியில் முடிந்த காசை அவிழ்த்துத் தந்துவிட்டு, "அவனுக்கு ஊர்ப் பழக்கம் மறந்துபோச்சுப் போல" என்றா. அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வந்தது. மறந்தவனா அவன்? இந்த முறையை எவன் மறப்பான்? இரண்டாம் தரம் கேட்காமல் விட்டவன் தெரிந்துதான் விட்டான் என்று எனக்கு அப்போதே மணத்தது. சொல்லவில்லை; சொல்லுவதற்கு நான் யார்.

இரண்டாம் தரம் வந்தபோது அக்கா கொஞ்சம் துணிந்திருந்தா. எடுத்து, "திருப்பி எடு" என்று மட்டும் சொல்லி வைத்தா. அவன் போன் கார்ட் போட்டு எங்கள் கடை இலக்கத்துக்கு எடுத்தான். பாப்பாமோட்டையில் போன் ஏது? அக்காவைப் பிடிக்க உலகத்தில் அவனிடம் இருந்தது அந்த ஓர் இலக்கம்தான். அக்கா காசைச் சொல்லவில்லை, வருத்தத்தைச் சொன்னா. பிள்ளைக்கு நெஞ்சுக்குள் ஓட்டை, டொக்டர் இப்படிச் சொல்கிறார், திகதி இன்னது. அதற்கு அவன் இங்கிலீசுக்குப் பாய்ந்தானாம். இப்ப கொஞ்சம் டைற். பயப்பட வேண்டாம், சோட் அவுட் பண்ணுவம். அதற்குள் கார்ட் முடிந்தது.

அக்கா வெளியே வந்து, "தங்கச்சி, டைற் எண்டால் என்ன?" என்று கேட்டா. சட்டை டைற், சப்பாத்து டைற் என்றுதான் எனக்கும் தெரியும். கை கொஞ்சம் இறுக்கமாம் அக்கா, ஆனால் சரிக்கட்டித் தருவாராம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது அதுதான். அக்காவின் முகம் விரிந்தது. சரிக்கட்டித் தாறன் என்றவன் தருவான், சின்னனில் இருந்தே வாக்கு மாறாதவன் என்றா. போகிற வழியில் அந்த வயல் கேட்டவரிடம், வயல் இப்போது விற்க இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாவாம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பரமேசக்காவுக்கு அந்தப் பழமொழி தெரியும், தன் தம்பிக்கு அது பொருந்தும் என்றுதான் தெரியாது.

பிறகு அவன் எடுக்கவில்லை. திகதி கிட்டக் கிட்ட எனக்கே நித்திரை குழம்பியது. ரெலிபோன் அடிக்கும் ஒவ்வொரு தரமும் நான் பாய்ந்து எடுப்பேன். சுவிசிலிருந்து ஒரு மாமா, றியாத்திலிருந்து ஒரு தாய், கனடாவிலிருந்து பிழையான இலக்கம். நேசன் இல்லை. கரீம் நானா என்னைப் பார்த்து, "புள்ள, ஒனக்கும் லண்டன்ல ஆள் இருக்கா?" என்று பகிடி விட்டார். நான் முறைத்தேன். விசயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் தரம் அக்கா துளசியையும் கூட்டிக்கொண்டு வந்தா. கொழும்புக்குப் போக முன்னம் ரவுண் ஆஸ்பத்திரியில் ஏதோ பரிசோதனை செய்து துண்டு வாங்க வேண்டி இருந்ததாம். பிள்ளை மர வாங்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தது. அப்படிக் குந்தினால்தான் அதற்கு மூச்சு வரும். நகமெல்லாம் நீலம். என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் மற்றப் பக்கம் பார்த்தேன். முற்பணம் கட்ட நாள் முடியப்போகிறது. வயல் கேட்டவர் அடுத்த நாள் காலை வேறு காணி பார்க்கப் போகிறார் என்று பஸ்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சென்றி மூடுவதற்கு முன்னம் போகிற கடைசி பஸ் பின்னேரம். அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

"திருப்பி எடு" என்று சொல்லி வைத்தோம். ரெலிபோனைச் சுற்றி நாலு பேரும் இருந்தோம். நானா தேத்தண்ணிக்குக்கூடப் போகவில்லை. கனநேரம் கழித்து அடித்தது. அக்கா கபினுக்குள் ஓடினா. இந்தத் தரம் அவன் மட்டும்தான் கதைத்தான். அக்கா 'ம்' 'ம்' என்று கொண்டிருந்தா. பிறகு கார்ட் முடியப்போகிறது அக்கா என்றிருக்கிறான். வைத்துவிட்டான்.

வெளியே வந்து, அவன் சொன்ன இங்கிலீசை ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்புவித்தா. பள்ளிப் பிள்ளை தேவாரம் பாடமாக்கியது மாதிரி ஒரு பிழையில்லாமல். 'ஸ்கின்ற்' என்றானாம். 'காஷ் இன் ஹாண்ட்' வேலையாம். மாசம் முடிய 'சோட் அவுட்' ஆகுமாம். "கையில காசு இருக்கெண்டுதானே சொல்லுறான்?" என்று என்னைக் கேட்டா. நான் நானாவைப் பார்த்தேன். நானா துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தார்.

"தங்கச்சி," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார், "நானும் வெளிநாட்டுல இருந்தவன். ஸ்கின்ட் எண்டா வெறுங்கை. கேஷ் இன் ஹேண்ட் எண்டு சொல்றவனுக்கு விசா இருக்காது. ஒளிச்சு வேல செய்றான். குடுக்குறத வாங்கிட்டு வாய மூடிட்டு இருக்கணும். அந்தத் தம்பிட கையில சல்லி இல்ல."

அக்கா வாங்கில் இருந்துவிட்டா. துளசி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே பஸ்காரன் இடம் பெயர் சொல்லிக் கூவத் தொடங்கிவிட்டான். போங்கோ அக்கா, வயலைப் பேசுங்கோ என்று சொல்ல நா துடித்தது. அக்கா எழும்பினா. பஸ்சுக்குப் போகவில்லை. கபினுக்குள் போனா. "எடு தங்கச்சி. மீற்றர் ஓடட்டும்" என்றா.

எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்த அவ மறந்துபோனா, நானும் சாத்தவில்லை. சுகம் விசாரிக்கவில்லை, மழையில்லை, முழங்கால் இல்லை.

"தம்பி, நான் கேக்கிறதுக்கு இங்கிலீசு வேண்டாம். பிள்ளைக்குத் தரக் காசு இருக்கோ, இல்லையோ?"

அங்கே என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மீற்றர் மட்டும் ஓடியது. அக்கா திரும்பவும், "உன்னில கோவமில்லையடா. இருக்கோ இல்லையோ, ஒண்டைச் சொல்லு. எனக்கு பஸ் போகப்போகுது" என்றா. பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தா. தோள் மெல்லக் கீழே இறங்கியது. "அழாதை. சரி. அழாதை" என்று இரண்டு தரம் சொன்னா. பிறகு, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டா. அதற்கு அவன் வைத்துவிட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டான். எங்கள் கபினில் நான் வேலை செய்த காலம் முழுவதும் ஓர் ஆண்பிள்ளை வெளிநாட்டிலிருந்து 'காசு இல்லை' என்று தமிழில் சொன்னது அந்த ஒரு தரம்தான். டைற் என்பார்கள், புறோக் என்பார்கள், அடுத்த மாசம் என்பார்கள். இல்லை என்று சொன்னால் அங்கே போனதே பொய் என்றாகிவிடும். ஊரில் விற்ற நகை பொய், தாயின் நேர்த்திக்கடன் பொய். அதனால்தான் இங்கிலீசை அள்ளி மூடுவது. அந்த மூடியைப் பரமேசக்கா திறந்துவிட்டா. வேறு வழி இருக்கவில்லை.

காசு தர வந்தபோது நானா வாங்கவில்லை. ஓடு ஓடு என்று விரட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா பஸ்சைப் பிடித்தா. வழியில் பஸ்சை நிறுத்தி வைத்து, வயல் கேட்டவரின் வீட்டு வாசலில் போய் நின்று, சொன்ன விலைக்குக் குறைத்துக் கேட்டபோதும் தலையாட்டி, ஆஸ்பத்திரி முற்பணத்துக்கான காசை வாங்கிக்கொண்டுதான் சென்றியைத் தாண்டியிருக்கிறா. திகதிக்கு ஒப்பரேசன் நடந்தது. துளசி தப்பிவிட்டாள். நெஞ்சின் நடுவே தையல் தெரிய, சிவந்த நகத்தோடு கடைக்கு வந்து, வீட்டில் சர்க்கரை போட்டுக் கிண்டிய தொதல் எனக்குத் தந்தாள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, தொதல் அவ்வளவு மோசமோ என்று நானா கேட்டார்.

அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் அக்கா நேசனுக்கு எடுத்தா. மணி போனது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த மாதமும் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் வேறு மொழிக்காரன் ஒருவன் எடுத்து, அப்படி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை என்றான். இல்லை என்று ஒருக்கால் சொன்ன மனுசனுக்குப் பிறகு சொல்ல வாயில்லாமல் போய்விட்டது. அக்கா விடவில்லை. கூலி வேலை முடித்து மாதத்தில் ஒரு தரமாவது வந்து வாங்கில் இருப்பா. எடுப்பதற்கு இலக்கம் இல்லை. அவன் எடுக்கும் நேரம் தான் அங்கே இருக்க வேண்டும் என்று. "காசு கேக்க மாட்டன் எண்டு சொல்லவேணும், அவ்வளவுதான்" என்பா. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். ரெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்வோம்.

கைத்தொலைபேசி வந்தது. கடைக்குச் சனம் குறைந்தது. கபினுக்குள் நானா பெப்சிப் பெட்டி அடுக்கினார். என்றாலும் அந்த லைனை மட்டும் வெட்டவில்லை; "அந்தப் பொம்பளட தம்பி எடுப்பான்" என்று மாதக் காசைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு சமாதானமும் முடிந்தது. பாதை மூடியது. பரமேசக்கா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இரவில் பெருநிலப் பக்கம் குண்டுச் சத்தத்தில் அதிரும்போது கரீம் நானா வானத்தைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்குப் பயம் கூடாதே என்பார். யாவாரம் படுத்து, கடை வாடகைக்கே வழியில்லாமல் போனபோது அவர் மகளோடு புத்தளம் போய்விட்டார். லைன் போனது. அவரைக் குறை சொல்லக் கூடாது. இருந்த மட்டும் கட்டினார். கடையைப் பூட்டிய அன்று றிசீவரைக் கடைசியாக நான்தான் துடைத்தேன்.

சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனத்தை விட்ட பிறகு ஒரு நாள், என் வீட்டுப் படலையில் ஒரு மெலிந்த பொம்பிளை வந்து நின்றா. கூட ஒரு குமர்ப்பிள்ளை. சட்டைக் கழுத்துக்கு மேலே தையல் நுனியைக் கண்டுதான் எனக்கு ஆள் விளங்கியது. பாப்பாமோட்டையிலிருந்து ஒவ்வோர் ஊராக ஓடி, கடற்கரை வரைக்கும் போய், உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். புருசன் திரும்பவில்லை. கடையைத் தேடிப் போனாவாம். அந்த இடத்தில் போன் கவர் விற்கிற கடை. அங்கே நின்ற பெடியனுக்கு ஒன்றும் தெரியவில்லை. விசாரித்து விசாரித்து என் வீட்டைப் பிடித்திருக்கிறா. நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவ அழவில்லை. கதிரையில் இருந்ததும் கேட்டது ஒன்றைத்தான். சண்டை நேரம் எங்களைப் பற்றி எல்லாம் வெளிநாட்டு ரீவியில் காட்டினதாமே, தம்பி எடுத்தவனோ?

எனக்குத் தெரியாது. லைன் வெட்டின பிறகுதான் பெரிய சண்டை. எடுத்திருந்தாலும் அங்கே எடுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"அண்டைக்கு நான் அவனை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றா அக்கா. "அவன் டைற் எண்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். கதைச்சுக்கொண்டாவது இருந்திருப்பான்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. துளசியைக் காட்டி, அப்படிக் கேட்டபடியால்தான் இவள் இருக்கிறாள் என்று கத்திவிட்டேன். அக்கா மகளைப் பார்த்தா. ஓம் என்று தலையாட்டினா. நான் சொன்னது சரி. அவ சொன்னதும் சரி.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தெருவில் கபினும் இல்லை, மீற்றரும் இல்லை. ஆளாளுக்குக் கையில் போன், முகம் பார்த்துக் கதைக்க ஒரு சதம் செலவில்லை. உலகத்தில் யாரையும் தேடிப் பிடிக்கலாம் என்கிறார்கள். நேசனை நாங்கள் தேடாத இடமில்லை. அன்றைக்கு அக்கா எழும்பும்போது, படலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்று கேட்டா.

"தங்கச்சி, வெட்டின கடைப் போனுக்கு அடிச்சால் அங்கால என்ன கேக்கும்?"

"ஒரு பொம்பிளைக் குரல் கேக்கும் அக்கா. இந்த இலக்கம் பாவனையில இல்லை எண்டு சொல்லும்."

"தமிழிலயும் சொல்லுமோ?"

"ஓம். மூண்டு பாசையிலயும்."

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அப்ப நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பான்" என்றா.